சில்ஃபா மகளை அழைத்து வராத நாள்

நார்ஃபோக்கில் எங்கள் சந்தில் துணி வெளுத்துப் பிழைத்தவர்களில் சில்ஃபாவைப் போல வாயாடி வேறு யாரும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறக்க வைப்பதற்கு எனக்குப் பல வருஷம் பிடித்தது. சோப்புத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னாள். சிலதை நானே கண்ணால் பார்த்தேன்.

அடிமைகளை விட மனமில்லாத தெற்கு மாநிலங்கள் கலகம் செய்து பிரிந்து, வடக்கோடு போர் வந்த காலத்தில் அவள் புரூயெட் என்ற விதவையின் வீட்டில் அடிமை, சமையல்காரி. சின்ன மகள் டெம்பி வயிற்றில் இருந்தபோதே புருஷனைக் கரோலினாவுக்கு விற்றுவிட்டார்கள். மூத்தவள் கெட்டூரா, கல்யாண வயது.

எங்களுக்கெல்லாம் வருஷப் பிறப்பு என்றால் பயம். அன்றுதான் எஜமானர்கள் அடிமைகளை அடுத்த வருஷத்துக்கு வாடகைக்கு விடுவார்கள். யாருடைய பிள்ளை எந்த ஊருக்குப் போகும் என்பது அன்று காலைதான் தெரியும். அப்படித்தான் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டாம் வருஷப் பிறப்பில் கெட்டூரா சஃபோக்குக்குப் போனாள். ரயிலில் போனால் பக்கத்து ஊர்தான், ஒரு விடுதியில் சமையல்கட்டு வேலை. அந்த வசந்தத்தில் வடக்குப் பட்டாளம் வந்து இரண்டு ஊரையும் பிடித்துக்கொண்டது. ஆனாலும் விதவையின் வீட்டில் சில்ஃபா அடிமையாகவேதான் இருந்தாள்.

இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. கலகம் செய்யும் பகுதிகளில் உள்ள அடிமைகளுக்கெல்லாம் வருகிற வருஷப் பிறப்பிலிருந்து விடுதலை என்று ஜனாதிபதி அறிவித்திருக்கிறாராம். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் அவசர அவசரமாக ஒரு தேர்தல் நடத்தினார்கள். தாங்கள் கலகக்காரர்கள் இல்லை, ஜனாதிபதிக்கு விசுவாசிகள் என்று காட்டிக்கொண்டால் இந்த ஊருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுவார்கள், அடிமைகள் கைவிட்டுப் போகமாட்டார்கள் என்று கணக்கு. சஃபோக்கின் கதி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

வருஷக் கடைசி நாள் காலையில் விதவை சில்ஃபாவைக் கூப்பிட்டாள். கையில் பட்டாள அலுவலகத்தில் வாங்கிய அனுமதிச் சீட்டு.

"நீ போயி உன் மகளைக் கூட்டிட்டு வா. வாடகை வருஷம் இன்னியோட முடியுது. சாயங்கால வண்டிக்குள்ள ரெண்டு பேரும் இங்க இருக்கணும்."

"நானாம்மா?"

"நீ கூப்பிட்டாதான் அவ வருவா. டெம்பி இங்கயே இருக்கட்டும். குளிர்ல குழந்தையை எதுக்கு அலைக்கழிக்கிற?"

குழந்தையின் மேல் எத்தனை அக்கறை என்று சில்ஃபாவுக்குச் சிரிப்பு வந்ததாம். சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

சஃபோக் விடுதியின் பின்கட்டில் கெட்டூரா கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மூட்டை கட்டி வச்சிட்டேம்மா! டெம்பிக்குத் துணிப் பொம்மைகூட தச்சிருக்கேன்."

"மூட்டையை அவிழு."

"ஏன்? ஊருக்குப் போகலியா?"

"நான் போறேன். நீ வரல."

கெட்டூராவுக்குப் புரியவில்லை. சில்ஃபா அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "நாளைக்கு விடிஞ்சா இந்த ஊர்ல உனக்கு விடுதலைன்னு பேச்சு. அங்க வந்தா கிடையாது. அதுக்குத்தான் அந்தம்மா இவ்வளவு அவசரமா என்னை அனுப்பியிருக்கா."

"நிச்சயமா தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? அந்தம்மா பயப்படுறா. எனக்கு அது போதும்."

"அப்போ நீயும் இங்கயே இரு. உனக்கும் சேர்த்துக் கிடைக்கும்."

"டெம்பி?"

கெட்டூரா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க அடிமையா இருப்பீங்க, நான் மட்டும் இங்க மகாராணியாட்டம் இருக்கணுமா? எனக்கு வேண்டாம். நானும் வரேன். எதுவானாலும் ஒண்ணா அனுபவிப்போம்."

சில்ஃபா மகளை அறைந்துவிட்டாள். இதைச் சொல்லும்போது மட்டும் துவைப்பதை நிறுத்திவிட்டு அவள் தன் கையையே பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்து அவளை நான் அடிச்சதே இல்ல. அன்னிக்கு அடிச்சேன். 'வந்தியானா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்'னேன்."

அழுகை அடங்கிய பிறகு, "நாளையிலேர்ந்து விடுதிக்காரன்கிட்ட சம்பளம் கேளு" என்றாள்.

"கேட்டா உதைப்பான்."

"உதைச்சா சமைக்காதே. அங்க சாப்பிடுற அத்தனை பேரும் பட்டாளத்து ஆபீசருங்க. பசிச்சா அவங்களே நியாயம் கேப்பாங்க."

கெட்டூராவுக்கு மூக்கு ஒழுகும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. துணிப் பொம்மையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

சாயங்கால ரயிலில் சில்ஃபா தனியாகத் திரும்பினாள். இறங்கிவிட ஆசைப்பட்டாளா என்று கேட்டேன். "ஒவ்வொரு ஸ்டேஷன்லயும்" என்றாள்.

வீட்டு வாசலில் விதவை நின்றுகொண்டிருந்தாள். "அவ எங்க?"

"வரலம்மா."

"வரலன்னா? நீ என்ன சொன்னே அவகிட்ட?"

"வராதேன்னு சொன்னேன்."

விதவை சமையலறைக் கரண்டியை எடுத்து அடித்தாள். நாளைக்கே தானே போய் இழுத்துவருவதாகக் கத்தினாள். சில்ஃபா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "போங்கம்மா. போயி அங்க இருக்கிற பட்டாளத்துக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க."

விதவை போகவில்லை. மறுநாள் ஊரே தெருவில் இருந்தது. மேளம் கொட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். கலகக்காரர்களின் தலைவரை வைக்கோல் பொம்மையாகச் செய்து தூக்கிலிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். புரூயெட் வீட்டைத் தாண்டும்போது முன்வாசல் கதவு திறந்தது. எங்களில் யாரும் முன்வாசலைப் பயன்படுத்தியதில்லை. இடுப்பில் குழந்தையோடு, கன்னம் வீங்கிப்போன ஒரு பெண் படியிறங்கி வந்து என் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

சில நாள் கழித்து ஜனாதிபதியின் பிரகடனத்தை அச்சடித்த பத்திரிகை வந்தது. விடுதலை கிடையாது என்று பேர் சொல்லி ஒதுக்கிய இடங்களில் நார்ஃபோக் இருந்தது. சஃபோக் இல்லை. நாங்கள் மேளம் கொட்டி ஆடியது எங்களுக்கு இல்லாத விடுதலைக்கு.

சில்ஃபா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. விதவை பட்டாள அலுவலகத்தில் முறையிட்டாள். ஓடிப்போனவர்களைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சில்ஃபா எங்கள் சந்தில் ஓர் அறை பிடித்துச் சிப்பாய்களின் சட்டைகளை வெளுத்தாள். கோடையில் பட்டாளம் சஃபோக்கைக் காலி செய்தபோது, அங்கிருந்த நம் ஜனங்களோடு கெட்டூராவும் வந்து சேர்ந்தாள். சம்பளம் கேட்டாயா என்றுதான் தாய் முதலில் கேட்டாள். விடுதிக்காரன் பாதி கொடுத்தானாம்.

அதற்குப் பிறகு ஒரே அறையில் சட்டப்படி அடிமையான தாயும் சட்டப்படி சுதந்திரமான மகளும். நாங்கள் கேலி செய்து தீரவில்லை. "அடியே சுதந்திரக்காரி, உங்க அடிமையைக் கொஞ்சம் அனுப்பு, தண்ணி தூக்கணும்" என்று கூப்பிடுவோம். "எங்க அடிமை சொன்ன பேச்சு கேக்க மாட்டாக்கா, நீங்களே தூக்கிக்கோங்க" என்பாள் கெட்டூரா. மறுவருஷம் மாநிலத்துச் சட்டம் மாறி எல்லாருக்கும் அடிமைத்தனம் ஒழிந்தபோது அதற்கு யாரும் மேளம் கொட்டவில்லை.

அந்தப் பிரகடனம் வடக்கின் கை எட்டாத இடத்தில் விடுதலை கொடுத்து, கை எட்டிய இடத்தில் கொடுக்காமல் விட்டது என்று பலர் ஏளனம் பேசுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் போர் எதற்கு என்ற கேள்விக்கு அதற்கு முன் ஆளுக்கொரு பதில் இருந்தது. அதற்குப் பின், அடிமைத்தனத்துக்காகத்தான் என்பதை யாராலும் மழுப்ப முடியவில்லை. அந்த வருஷமே எங்கள் ஆண்கள் வடக்குப் பட்டாளத்தின் நீலச் சட்டை போட்டுத் துப்பாக்கி ஏந்தினார்கள். விலக்கப்பட்ட ஊரிலும் எஜமானிகளின் குரல் கம்மிப்போனது.

சில்ஃபாவிடம் இதையெல்லாம் சொன்னால் பொறுமையாகக் கேட்பாள். ஒருமுறை, "அந்தக் காகிதத்து மேல உனக்குக் கோபமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள். "எங்க ஊர்ப் பேரை எழுதத் தெரிஞ்ச மனுஷனுக்கு எங்களைத் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு. ஆனா கெட்டூராவுக்குக் கொடுத்தாரே. ஒருத்திக்கு வழி கிடைச்சா மத்தவ பின்னாடியே நடந்துடலாம்."

துணியைப் பிழிந்து உதறி என்னிடம் ஒரு முனையை நீட்டினாள். மழை வருவதற்குள் கொடியில் போட வேண்டியிருந்தது.