ஜி.எம்.மைத் திருப்பி அனுப்பிய பட்டியல்

இருபுறமும் ஓட்டை வரிசை கொண்ட பிரிண்டர் தாள் ஒன்று இன்றும் கண்ணில் நிற்கிறது. ஜி.எம். என்று நாங்கள் கூப்பிடும் ஜெனரல் மேனேஜர் அதை என் மேசைமேல் போட்டார். பெங்களூர் வீட்டிலிருந்து எங்கள் மோடத்துக்கு டயல் செய்து, ஜெர்மனி வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய மெயிலை, 'உமக்கு அனுமதி இல்லை' என்று எங்கள் மெயில் சர்வரே திருப்பியடித்திருந்தது. சர்வரை அப்படி அமைத்த மகராசி நான்தான். என் ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிகிற வாரம் அது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் காத்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியின் சர்வர் அதுவரை தர்மசத்திரமாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாதவன் எல்லாம் அதன் வழியாக உடம்பு இளைக்கும் மாத்திரைக்கு ஊரெல்லாம் விளம்பரம் அனுப்பினான். எங்கள் பெயரைப் பார்த்தாலே வெளிநாட்டு சர்வர்கள் கதவைச் சாத்தத் தொடங்கின. எங்களுக்கு வரும் மெயிலை யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம்; எங்கள் வழியாக வெளியே அனுப்ப, ஒரு பட்டியலில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே அனுமதி என்று மாற்றினேன். பட்டியல் எழுதித் தந்தவர், சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்ட டிஸ்பாட்ச் அண்ணன். கம்பெனி கேட்டில் வண்டிப் பதிவேடும் அவர் பொறுப்புதான். சூளகிரி கிடங்கின் பழைய கணினியைக்கூட விடாமல், மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். நான் மண்டு, அப்படியே ஏற்றிவிட்டேன்.

"என் வீட்டு கம்ப்யூட்டரை ஏம்மா விட்டே?" என்றார் ஜி.எம். டிஸ்பாட்ச் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தாளை நிதானமாகப் பார்த்தார்.

"சார், கேட் ரிஜிஸ்டர்ல உங்க காரை என்னைக்காச்சும் எழுதியிருக்கமா? பெரியவங்க வண்டிய நிறுத்தி எழுதினா மரியாதையாங்களா? அதான் இதுலயும் எழுதலைங்க."

"நல்லா இருக்குய்யா உன் மரியாதை! மூணு தடவை அனுப்பினேன். மூணு தடவையும் துரத்துச்சு!"

"மூணு தடவையுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். பாழாய்ப்போன வாய்! என் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை அவர் பார்த்துவிட்டார். என்ன செய்வது, பூட்டு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இன்று எத்தனையோ சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெருமை பிறகு எதிலும் வந்ததில்லை.

அவர் கணினியைப் பட்டியலில் சேர்த்தேன். நான்காம் முறை மெயில் போய்விட்டது. ஜி.எம். மூச்சு விட்டு, எதற்கும் கேட்டு வைப்போம் என்பதுபோல் அண்ணனிடம் திரும்பினார். "மரியாதைக்காக வேற யாரையாவது விட்டிருக்கியா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சேர்மன் சாரைங்க."

ஜி.எம். தன் அறைக்குப் போய் என் கடிதத்தை எடுத்து வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, பிடி. சேர்மன் போன் பண்ணினப்புறம் கையெழுத்துப் போட நான் இருப்பேனோ என்னவோ."