மாலதியக்காவின் இத்தாலி

மாலதியக்கா டீயை உடனே குடிக்க மாட்டாள். ஸ்டீல் தம்ளரின் சூடு கொஞ்சம் அடங்கியதும், மூடிய வலது கண்ணில் ஒற்றுவாள், பிறகு இடது கண்ணில். அதற்கப்புறம்தான் முதல் மடக்கு.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் பக்கத்து வீடு. செம்பூரில் ஒரு கல்லூரி, பாண்டுப்பில் ஒரு கல்லூரி. இரண்டிலும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஆங்கிலம் நடத்துகிறாள். நடுவில் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி. இடைக்கால இத்தாலியக் கவிஞர்கள் காதலைப் பற்றி நினைத்ததெல்லாம் எந்தத் தத்துவங்களிலிருந்து வந்தது என்று.

நான் நவீன கவிதை படிக்கிறவன் என்பதால் என்னிடம் சொல்வாள்.

"தீக்குச்சிக்குள்ள நெருப்பு இருக்குல்லா? உரசுறவரைக்கும் தெரியாது. நல்ல மனசுல காதல் அப்படித்தான் கெடக்குன்னான் ஒருத்தன். கிரேக்கத் தத்துவத்துல எடுத்தது. இன்னொருத்தன் அந்தத் தத்துவத்துக்கு உரை எழுதின அரபுக்காரங்க பக்கம். பார்த்த உருவம் நினைவுல போய் உக்காந்து அறிவை இருட்டாக்கிரும்னான்."

"நீங்க எந்தக் கட்சி?"

"எனக்குத் தூக்கம் வருதுடே."

பெண் பார்க்க வந்தவர்களில் முதன்முறையாக ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. டிராம்பேயில் சூப்பர்வைசராக இருக்கும் வேல்ராஜ். போனில் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றியே கேட்டாராம். "காது குடுத்துக் கேக்காருடே" என்றாள். இது அமைந்துவிட வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

வேல்ராஜ் வீட்டார் நிச்சயம் பேச வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. அக்காவின் அம்மா செண்பகவல்லி, மகள் இத்தாலிப் படிப்பு படிப்பதாக ஊர்க்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, மகள் இத்தாலிக்கே போகப்போவதாக ஆக்கியிருந்தார். தானும் நம்பியிருந்தார்.

வேல்ராஜின் அம்மா கேசரியை வாங்கிக்கொண்டே கேட்டார்: "எப்பம்மா இத்தாலிக்குப் புறப்படுதே? இவனுக்கும் சேத்து விசா குடுத்துருவாவல்லா?"

"நான் போகலை அத்தை."

"ஒரு வருசத்துக்குக்கூடவா?" என்றார் வேல்ராஜ்.

"ஆமா. போகலை."

அவர் செல்போனைப் பார்த்தார். டிராஃபிக் கூடிவிடும் என்று எல்லோரும் எழுந்தார்கள். கேசரி அப்படியே இருந்தது.

"எட்டி, பத்து வருசமா காதலைப் படிச்சும் ஒருத்தனைப் பிடிச்சுவைக்கத் தெரியலியே!" என்றார் செண்பகவல்லி.

"அது வேற டிபார்ட்மென்ட்மா," என்றபடி தட்டுகளை அடுக்கினாள்.

மழைக்காலம் முடிந்தபின், அவளோடு வேலைபார்க்கும் ஸ்மிதா சொல்லித் தெரிந்தது. வேல்ராஜ் வீட்டார் வந்ததற்கு முந்தைய வாரம் இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்று அக்காவை ஓராண்டுக்கு அழைத்திருந்தது. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லை என்று மறுத்து எழுதிவிட்டாளாம்.