தினமும் இரண்டு

வேகப்பந்து வீசும் பெண்களின் முதுகு பழுதாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. திருமுல்கேரிப் பக்கம் ஒரு கிரிக்கெட் அகாடமியில் புள்ளியியல் பார்க்கிறேன். யார் எத்தனை பந்து வீசினாள், எவ்வளவு தூங்கினாள், எவ்வளவு வலிக்கிறது என்று தினமும் காலையில் அவரவர் போனிலிருந்து படிவம் வரும். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண். தொடர்ந்து மூன்று நாள் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் என் அட்டவணையில் பெயர் சிவப்பாகும். சிவப்பானால் பந்தைத் தொடக்கூடாது.

அங்கே பந்து வீசுகிறவர்களில் ஒருத்தி என் மகள்.

இந்தக் கணக்கையெல்லாம் தார்நாகாவில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவளுக்கு விளக்கியவள் நானேதான். பத்தாம் வகுப்புப் பெண் அம்மாவின் வேலையைப் பற்றிக் கேட்கிறாளே என்று பூரித்துப்போய், அந்த மூன்று என்ற வரம்பு உட்பட எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன்.

மாநில அணித் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது, காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "லேஸ் கட்டி விடும்மா, டைம் ஆச்சு." தோசைக் கரண்டியை வைத்துவிட்டுக் கட்டிவிட்டேன். அடுத்த நாளும் கட்டினேன். மூன்றாம் நாள் முடிச்சுப் போடும்போதுதான் உறைத்தது. இவளால் குனிய முடியவில்லை.

அங்கேயே போனில் அட்டவணையைத் திறந்தேன். இரண்டு வாரமாக அவள் வரிசையில் தினமும் இரண்டு. நிஜமான வலி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் முதல் வாரமே பிடித்திருப்பேன்.

"என்னட்டி இது? எத்தன நாளா வலிக்குது?" பதற்றத்தில் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிட்டது.

"மூணு போட்டா நீதானே உட்கார வைப்ப? செலக்‌ஷன் முடியட்டும்மா. ரெட் நக்கோ, வேணாம்மா, ப்ளீஸ்." என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

சொன்னால் பெற்ற பெண்ணின் நான்கு வருட உழைப்பில் மண்ணைப் போட்ட பாவி நான். சொல்லாவிட்டால் முதுகெலும்பில் விரிசல் விடலாம், அதற்கும் நான்தான் பாவி. மற்றவர் வீட்டுப் பெண்களைச் சிவப்பாக்க நான் ஒரு நொடி யோசித்ததில்லை. அன்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் வீட்டில் அவள் முகம், வேலையில் அவள் வரிசை. ஓடி ஒளிய இடமே இல்லை.

மறுநாள் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு நானே சிவப்பாக்கினேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தேர்வு நாளன்று விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். சிவப்பானவர்களும் படிவம் அனுப்பியாக வேண்டும். மூடிய அறைக்குள்ளிருந்து அவளுடையது என் போனுக்கு வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, முதன்முறையாக உண்மையை எழுதியிருந்தாள்.

நான் நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து என்று நினைத்திருந்தேன். எட்டு என்று போட்டிருந்தாள்.