உப்பில் பிடித்த மிச்சம்

நாங்கள் ஏழைகளாகிவிட்டோம் என்பதை நான் பருப்புக் கறியிலிருந்துதான் அறிந்துகொண்டேன். அதில் உப்பே இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன: பின்னேரம் அப்பா பேக்கரியில் வாங்கிவரும் மீன் பணிஸ், கருவாட்டுப் பொரியல், தேநீரின் சீனி, அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டி. ஏனென்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பாராமல், "காசு மிச்சம் பிடிக்கிறம், பிள்ளை" என்றார்.

எனக்குப் பிடிபடவில்லை. நிலாவெளிப் பக்கம் போனால் உப்பு வெள்ளைக் குன்றாகக் குவிந்து கிடக்கும். அதில் என்ன மிச்சம் வரப்போகிறது? அதேவேளை தோடம்பழமும் கீரையும் தாராளமாக வந்தன. ஏழைகள் தோடம்பழம் சாப்பிடுவார்களா? என்னை இன்னும் குழப்பியது மோட்டார் சைக்கிள் விடயம். அப்பாவோடு வேலை செய்த கிண்ணியா மாமா தினமும் எங்கள் வாசல் படலையில் நின்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு சதமும் கேட்டதில்லை. இப்போதோ மாமா வருமுன்பே அப்பா புறப்பட்டு, கடற்கரை வீதியால் நடந்து போய்விடுவார். சும்மா கிடைப்பதை வேண்டாமென்பது என்ன சிக்கனமோ!

ஒரு நாள் காலை மாமா என்னிடம் கேட்டார். "மகள், அப்பாக்கு என்னோட என்ன கோவம்?" அவர் முகம் வாடியிருந்தது.

"கோவமில்ல மாமா. எங்களிட்டக் காசில்ல. கறிக்கு உப்புப் போடவும் ஏலாது."

சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிறு மத்தியானம், மூடிய பெரிய தட்டோடு மாமா வந்து நின்றார். கோழிப் புரியாணி, பொரித்த முட்டை, ஒரு கிண்ணம் இனிப்பான வட்டிலப்பம். "மச்சான், உப்புக்கே வழியில்லாமக் கிடக்கிறாய். எனக்கு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" என்றார்.

அப்பா விழித்தார். பிறகு அவரும் அம்மாவும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சிரிக்கத் தொடங்கினார். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, கையை நெஞ்சில் வைத்தார்.

அம்மாவின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு விழுந்து உருண்டது. ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து, "என்னப்பா செய்யுது? நோகுதா?" என்று கத்தினார்.

"ஒண்டுமில்லயப்பா. சிரிச்சனான்."

அம்மா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். பின்பு மாமா நிற்கிறாரே என்றும் பாராமல் நிலத்தில் குந்தி அழுதார்.

அப்பா தணிந்த குரலில் மாமாவிடம் விடயத்தைச் சொன்னார். கிளினிக்கில் இரத்தம் சோதித்தது, பெரியப்பா நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, டொக்டர் எச்சரித்தது. "இப்ப நடந்தாச் செருப்புத்தான் தேயும். பிறகெண்டா ஒப்பரேசனுக்கு வீட்டையும் விக்க வேணும், மச்சான்."

எல்லாம் என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் நான் வட்டிலப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஏழைகளில்லை என்பது மட்டும் விளங்கியது. அப்படியானால் சிரித்த மனிதருக்காக ஏன் அழவேண்டும்?

மறுநாள் மாமா மோட்டார் சைக்கிளை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டு அப்பாவோடு நடந்தார். இன்றும் இருவரும் காலையில் சேர்ந்துதான் நடக்கிறார்கள். அன்று அம்மா படலையைப் பிடித்தபடி, அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்து நின்றார். வேலைக்குப் போகும் மனிதரை அப்படிப் பார்க்க என்ன இருக்கிறதென்று எண்ணிக்கொண்டு, நான் அவர் சேலையை இழுத்துக்கொண்டிருந்தேன்.