மாணவர்கள் ஏறக்கூடாத லிஃப்ட்

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். மூன்றாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்ததும், கல்லூரிக் காசாளரிடம், "ஏசி போட்டும் வேர்க்குதே, ரிப்பேரா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மகளும் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் கட்டினால்தான் அவளுக்கு ஹால் டிக்கெட்.

"போன வருசத்தைவிட பாடம் ஏதும் கூடியிருக்கா சார்?"

"பாடம் அதேதான். புது பிளாக் கட்டியிருக்கு, லிஃப்ட் போட்டிருக்கு. பக்கத்துக் காலேஜுல போட்டுட்டாக. நாம போடலைன்னா அட்மிஷனுக்கு யாரு வருவா? நீங்களே கட்டடத்தப் பாத்துத்தான சேத்தீக?"

உண்மைதான். ராயப்பன்பட்டியிலிருந்து முதல்முறை வந்த அன்று, யார் பாடம் நடத்துவார்கள் என்று நான் கேட்கவில்லை. வாசல் வளைவைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அதன் முன்னால் நின்று படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஆனாலும் திராட்சைக்குப் பேரம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "லிஃப்டக் கழிச்சிட்டு ஒரு ரேட் சொல்லுங்க சார். எம்மக படியிலயே ஏறிக்கிடுவா."

"இப்பவும் படியிலதான் ஏறுறேன்" என்றாள் மகள். "ஸ்டூடண்ட்ஸ் அதுல ஏறக்கூடாதுப்பா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவுகளுக்குத்தான்."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தகப்பன்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு அன்று கிடைத்த ஒரே சிரிப்பு, அதுவும் அவள் சொன்னதற்கு. சிரித்துவிட்டு ஒவ்வொருவராகக் கட்டினார்கள்.

என்னிடம் போன வருடக் கணக்குக்குத்தான் பணம் இருந்தது. வெளியே போய் வழக்கமாக என் திராட்சையை வாங்கும் வியாபாரிக்குப் போன் போட்டேன். பந்தலில் காய் இன்னும் பச்சை. என் குரலிலேயே அவசரம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தையே பார்க்காமல் அவர் ஒரு விலை சொன்னார். சரி என்றேன்; முன்பணம் போனிலேயே வந்தது. பேரம் பேசத் தெரிந்தவன் நான்!

ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "நாலாம் வருசத்துக்கு என்னப்பா செய்வீக?"

"அடுத்த வருசம் நீச்சல்குளம் கட்டிருவாக ஆத்தா. அப்பன் அங்கனயே குதிச்சிர வேண்டியதுதான்."

அவள் முகம் வெளுத்தது. "அப்பிடிப் பேசாதீக" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு பஸ் மாற வேண்டிய உத்தமபாளையம் வரும்வரை அவள் விடவில்லை.