இரண்டு பேஷண்ட், பதினாறு அட்டெண்டர்

போன ஆவணியில் என் அக்கா மகளுக்கு வேலூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டுக்காரர்கள். நிச்சயத்துக்கு நாங்கள் அங்கே போனபோது, வண்டியை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் ஆளுக்கொரு வாளி வெந்நீரும் புதுத் துண்டும் தயாராக இருந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அவங்க நம்ம ஊருக்கு வர்றப்ப ஒரு குறை சொல்லக் கூடாதுடா. அப்புறம் பொண்ணுதான் காலத்துக்கும் கேட்டுக்கணும்."

அந்தக் கவலை என் தலையில் வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். தோலை விரித்துப் போட்டு, தழும்பும் பூச்சிக்கடியும் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டுவது வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் பேச வேண்டியதே இல்லை, கையைக் காட்டினால் போதும். எனக்கு அது வசதி. என் ஸ்டாப்பைத் தாண்டி பஸ் போனாலும் குரல் கொடுக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

"தாய்மாமன் நீதானே. மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போடறது உன் பொறுப்பு," என்றாள் அக்கா.

பக்கத்தில் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சிரித்தார். "இவனா? லாட்ஜ்காரன் ரூம் இல்லன்னு சொன்னா, ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துடுவான்."

"போடறேன் மாமா," என்றேன். ரோஷம்தான் காரணம்.

மண்டபத்தில் இரண்டே அறைகள். அவற்றிலும் சனிக்கிழமை சாயங்காலம் வரை வேறொரு விசேஷக்காரர்கள் இருப்பார்கள். மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினெட்டு பேர் சனிக்கிழமை மதியம் ரயிலில் காட்பாடி வருகிறார்கள். அன்று மாலை ரிசப்ஷன், ஞாயிறு காலை முகூர்த்தம். ஆறு ரூம் வேண்டும்.

வேலூரில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு கட்டடம் விட்டு ஒரு கட்டடம் லாட்ஜ்தான். ஆனால் அவை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கானவை. வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ரூம் எப்போது காலியாகும் என்று கேட்டால், "டாக்டர் போலாம்னு சொன்னா காலியாகும்" என்பார்கள். நான்கு லாட்ஜ்களில் இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டேன். மாமா சொன்னதுபோல தேங்க்ஸும் சொன்னேன்.

ஐந்தாவது லாட்ஜ் சுத்தமாக இருந்தது. தரையில் பினாயில் வாசனை, அதற்கு மேல் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசனை. கவுண்டரில் வெள்ளைத் தாடியோடு மேனேஜர் பாய். ஒரு பக்கம் போனில் இந்தியும், எதிரில் நின்ற அம்மாளிடம் பெங்காலியும் பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஆறு ரூம் வேணும் பாய். பதினெட்டு பேர்."

"சனிக்கிழமை நாலஞ்சு குடும்பம் மொத்தமா ஊருக்குப் போறாங்க. கீழ்த்தளத்துலயே தர்றேன். பேஷண்ட் எத்தினி பேர், அட்டெண்டர் எத்தினி பேர்?"

அட்டெண்டர் என்றால் நோயாளிக்குத் துணையாகத் தங்குகிறவர். கல்யாணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் தலைக்கு மேலிருந்த பலகை கண்ணில் பட்டது. கல்யாணப் பார்ட்டிகளுக்கு ரூம் கிடையாது என்று நான்கு மொழியில் எழுதியிருந்தது. எனக்குப் பின்னால் எக்ஸ்ரே உறைகளோடு நாலைந்து பேர் நின்றார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முட்டிவலி என்பது எனக்குத் தெரியும். அத்தை ஒருவருக்குச் சர்க்கரை.

"ரெண்டு பேஷண்ட்," என்றேன்.

"பாக்கி பதினாறும் அட்டெண்டரா?" பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்ல பாசக்காரக் குடும்பம்." நோட்டில் எழுதிக்கொண்டார்.

பொய் சொல்லவில்லை என்று ஆம்பூர் வரை என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன். அக்கா போனில் கேட்டாள். "போட்டாச்சு. ஆறும் கீழ்த்தளம்," என்றேன். அவள் மகிழ்ந்துபோனாள்.

சனிக்கிழமை காட்பாடியில் இரண்டு வேன்களோடு காத்திருந்தேன். வழியில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். அவரோ ஆம்பூர் பிரியாணியில் எந்த அரிசி போடுவார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டோம்.

லாட்ஜ் வாசலில் பணியாளர்கள் இருவர் ஆளுக்கொரு சக்கர நாற்காலியோடு நின்றார்கள். "பேஷண்ட் யாருங்க?" என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தார் ஒருவர்.

ஆனால் பெரியப்பா அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. ரயிலில் மடக்கி வைத்த முட்டியோடு இறங்கியவர், நாற்காலியைப் பார்த்ததும் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, வண்டியெல்லாம் வெச்சுக் கூப்புடறாங்க பாருங்க. பொண்ணு ஊட்டு மரியாதை தனிதானுங்க," என்று தம்பியான மாப்பிள்ளையின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தை இரண்டாவது நாற்காலியில் தன் பையை வைத்து, அதன் பக்கத்திலேயே பெருமையாக நடந்து வந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் வந்த வேனிலிருந்து சீர்த்தட்டுகள் இறங்கின. பிறகு மாலைக் கூடை. கடைசியாக, உறை போட்ட மாப்பிள்ளை கோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் வந்தார்.

பாய் கவுண்டரை விட்டு எழுந்தார். அவர் என்னை விரலால் அழைத்தபோது மற்றவர்கள் ரூம்களுக்குள் போயிருந்தார்கள்.

"இன்னா இது?"

"கல்யாணம் பாய்."

"பொய் சொல்லி ரூம் வாங்கினியா?"

"பொய் சொல்லல பாய். சொல்லாம வுட்டுட்டேன்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல பாய்."

அவர் கொஞ்சம் தணிந்த மாதிரி தெரிந்தது. பழைய கதையைச் சொன்னார். முன்பு ஒரு கல்யாணப் பார்ட்டி வாசலிலேயே சரவெடி கொளுத்தியதாம். மாடியில் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தவர் கட்டிலிலிருந்து விழப் பார்த்தாராம். "இங்க இருக்கறவங்களுக்குத் தூக்கம் வர்றதே பெருசு. அன்னிக்கி எல்லார் கைலயும் நான் வார்த்தை குடுத்திருக்கேன். நீ வேற எடம் பாரு."

வேறு இடம் எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளே பெரியப்பா இதற்குள் சட்டையைக் கழற்றியிருப்பார். இவர்களைப் பெட்டியோடு தெருவில் நிறுத்தினால், அக்கா மகள் அந்த வீட்டில் முதல் நாளே தலை குனிந்துதான் நுழைய வேண்டும். கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் வராது பாய். ஒரு சத்தம் வந்தா நீங்க சொல்ல வேணாம், நானே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நீ சொன்னா அவங்க கேப்பாங்களா? நீ பேசறது எனக்கே பாதிதான் கேக்குது."

"கேப்பாங்க," என்றேன். அது எனக்கே நிச்சயமில்லை. பாய் சாயங்காலம் வரை பார்க்கிறேன் என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா ரூமில் தனியாக இருந்தார். சமையல் மேடையையும் குளியலறையில் பதித்திருந்த கைப்பிடிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பேஷண்ட் கணக்கையும் மறைக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கண்ணனைப் பேஷண்டுன்னு எழுதிட்டீங்களா?"

"ஆமாங்க."

"அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க. மரியாதைன்னு நெனச்சுட்டு இருக்காரு." பிறகு கேட்டார், "எதுத்த ரூம்ல யாருங்க?"

"வங்காளத்துலேர்ந்து புருஷன் பொண்டாட்டி வந்திருக்காங்கன்னு பாய் சொன்னாரு. அந்தம்மா வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆயிருக்கு."

எழுந்து போய் ஆறு ரூம்காரர்களையும் ஒரே ரூமில் கூட்டினார். "பக்கத்துல நோவுல இருக்கறாங்க. மண்டபம் போற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது," என்றார். அவ்வளவுதான். செல்போன்கள் வாயடைத்தன. மாப்பிள்ளையின் தங்கை கொலுசைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினாள். மற்ற பெண்களும் கழற்றினார்கள். லாட்ஜ் வாசலுக்கு வந்து வாசிக்கவிருந்த நாதஸ்வரக்காரரை மண்டபத்திலேயே நிற்கச் சொல்லி நான் போன் செய்தேன். கண்ணாடி வளையல் உரசாமல் எப்படிச் சேலை கட்டுவது என்று உள்ளே பெண்கள் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள், அதுவும் கிசுகிசுப்பாகத்தான்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக வெளியே வந்தார். பின்னால் பதினேழு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வராந்தாக் கொடியில் காய்ந்த புடவைகளை விலக்கி நான் முன்னால் நடந்தேன். கவுண்டரிலிருந்து பாய் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகை வாசனையை மட்டும் எங்களால் அடக்க முடியவில்லை.

எதிர் ரூம் கதவு திறந்தது. அந்தம்மா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மாலையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பாயிடம் புகார் போகப் போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் தோளைப் பிடித்தபடி கணவர் நின்றார். மெலிந்த மனிதர், முகமெல்லாம் சிரிப்பு. அந்தம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை எழுப்பினார். வராந்தா முழுக்க அதிர்ந்தது. அடுத்த ரூமிலிருந்து இன்னொரு குலவை. மாடிப்படியில் நான்கைந்து பெண்கள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஊரில் மாப்பிள்ளை புறப்பட்டால் பெண்கள் இப்படித்தான் குலவையிட்டு அனுப்புவார்களாம், பாய் பிறகு சொன்னார்.

பாய் முதலில் ஓடித்தான் வந்தார். "யாரு அது?" என்று என்னைத்தான் பார்த்தார். நாங்கள் பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். அந்தம்மாவிடம் ஏதோ பெங்காலியில் சொன்னார். அவர் கரண்டியை ஆட்டி இரண்டு மடங்கு பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னா சொல்றாங்க பாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா ரத்தம், ஊசி, ரிப்போர்ட்டுதான் பாத்துட்டு இருந்தோம், கொஞ்ச நேரம் சும்மா இருன்றாங்க." தாடியைத் தடவிக்கொண்டார். "சத்தம் போட்ட இவங்கள நான் காலி பண்ணச் சொல்ல முடியாது. இவங்களுக்கு அடுத்த செக்கப்பு செவ்வாக்கிழமை."

மாப்பிள்ளை அந்த நோயாளியின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு வேனில் ஏறினார். நான் கடைசி ஆளாக ஏறப் போகும்போது பாய் கூப்பிட்டார்.

"ரிசப்ஷன் முடிஞ்சி பின்பக்கமா கூட்டிட்டு வா. திறந்து வெக்கச் சொல்றேன். முன்கேட்டு இழுத்தா கிறீச்சுன்னு சத்தம் போடும்."