கிப்லாப் பக்கம் தூக்காத கால்

போன வருட நோன்பில் தராவீஹ் தொழுகைக்கு எல்லாப் பெண்களும் ஸப்பில் வரிசையாக நிற்க, நான் மட்டும் ஓரமாகக் கதிரையில் இருந்தேன். எனக்கு நேர் முன்னால் என் தங்கச்சி ரிஸ்வானா அசையாமல் நின்று தொழுதாள். எனக்கு வயிறு எரிந்தது.

கல்முனையில் ஒரு புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள் நான். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முறுக்கி எழும்பியது. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துப் புண்ணானது. காயவே இல்லை. கடையை விட்டேன். டீச்சரான அவளும் நின்று படிப்பிக்கிறவள்தானே? அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை. போதாததற்கு முழங்கால் வரை மூடும் கறுப்புக் கால்மேசு வேறு. மார்க்கப் பேணுதலைக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் விளங்கப்படுத்தினார். இரத்தத்தை மேலே அனுப்பும் நாளங்களுக்குள் சின்னக் கதவுகள் இருக்கின்றனவாம். அவை பழுதானால் இரத்தம் காலிலேயே தேங்குமாம். பாதத்தில் நாடி பார்த்துவிட்டு இறுக்கிக் கட்டுப் போட்டார். நடக்கச் சொன்னார். படுக்கும்போது காலை நெஞ்சை விட உயர்த்தி வைக்கச் சொன்னார்.

நடந்தேன். காலை மட்டும் உயர்த்தவில்லை. என் கட்டிலின் கால்மாடு, தொழும் திசையான கிப்லாப் பக்கம். நீட்டிப் படுப்பது வேறு, அந்தத் திசைக்குப் பாதத்தைத் தூக்கிக் காட்டுவது வேறு. மனம் வரவில்லை. புண்ணும் ஆறவில்லை. "யா அல்லாஹ், அவளுடைய கால் மாதிரி எனக்கும் தா" என்று அழுது கேட்டேன்.

பெருநாளுக்குப் பிறகு ரிஸ்வானா வந்தாள். அஸர் தொழுகைக்குக் கால் கழுவி வுழூ எடுக்கக் கால்மேசுகளைக் கழற்றினாள். அவள் காலிலும் அதே முறுக்கிய நரம்பு!

"எனக்கும் இதுதானே ராத்தா. இது டாக்டர் தந்த இறுக்கு மேசு. நீங்க ஒருநாளும் கேக்கல்லயே."

"மறுகா ஏன் புண் வரல்ல?"

"வீட்ட வந்ததும் காலத் தூக்கி வெச்சிருவன்."

"கிப்லாப் பக்கமா?"

"தலகாணிய மத்தப் பக்கம் போட்டாச் சரிதானே!"

இதுகூட அவளுக்குத்தான் தோன்ற வேண்டுமா? கோபத்தோடுதான் தலையணையை மாற்றினேன். கட்டுப் போடுவதையும் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புண் ஆறியது. நரம்பு இன்னும் இருக்கிறது. நானும் இப்போது இறுக்கு மேசுதான் போடுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், இந்த நோன்பில் அவளுடன் தோளோடு தோள் நின்று தொழுதேன்.

சகோதரிகளே, மனம் சுத்தமான பிறகு அல்லாஹ்விடம் கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் பொறாமையோடுதான் கேட்டேன். அவன் எனக்கு நல்ல காலையும் தந்தான், என் தங்கச்சியையும் தந்தான்.